யாருடைய காடு?

இன்று சுவீடனின் உப்சாலா நகருக்கு அருகேயுள்ள பைன் காட்டில், சீப்பைப் போன்ற பற்களுள்ள சிவப்புப் பெட்டியால் காட்டு புளூபெர்ரிகளை வாரிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி, தயங்கி நின்ற எங்களை அழைத்து, அந்தப் பெட்டியை என் மகளிடமே கொடுத்துவிட்டார்.

காடு அவருக்கும் சொந்தமில்லை.

பிறர் நிலத்திலும் நடக்கவும், காட்டுப் பழங்களையும் காளான்களையும் பறிக்கவும், ஓரிரவு கூடாரமடிக்கவும் எல்லாருக்கும் இடமளிக்கும் 'அல்லெமான்ஸ்ரெத்தன்' என்னும் பொது உரிமை, 1994 முதல் சுவீடனின் அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. வீட்டு முற்றத்துக்குள் நுழையாமலும் விளைநிலத்தை மிதிக்காமலும் நடந்துகொண்டால் போதும்; அனுமதி கேட்க வேண்டியதில்லை.

புதிதாக வந்திருப்பவர்களே, மொழி கைவரட்டும் என்று காத்திராமல் ஆகஸ்டிலேயே காட்டுக்குப் போங்கள். பேருந்து நிறுத்தத்தில் வாய் திறவாத மனிதர்கள்கூட, எந்தக் காளானைத் தொடக்கூடாது என்பதை நமக்குப் புரியும்வரை அங்கே நின்று விளக்குகிறார்கள்.