சிங்க் அடைத்த வாரம்

1 நவம்பர் 2024, வெள்ளி

நேற்று தீபாவளி. மைசூர்பாகு கிளறிய வாணலியில் வெந்நீரை ஊற்றிக் கழுவியது நான்தான். இன்று காலையில் பார்த்தால் பாதி சிங்க் தண்ணீர். மேலே நெய்த்திட்டும் கறிவேப்பிலையும்.

"ஆசிட் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வா, சரியாயிடும்" என்றார் அம்மா. முடியாது என்றேன். ஆசிட் நெய்ப்பிசுக்கைக் கரைக்காது, ஸ்டீல் சிங்க்கைத்தான் அரிக்கும். அதைவிடப் பெரிய பயம் பிளீச்சிங் பவுடர். அது கொஞ்சம் உள்ளே கிடந்தாலும் ஆசிட் பட்டதும் குளோரின் வாயு கிளம்பும். அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங்.

மேலே உள்ள ஓவர்ஃப்ளோ ஓட்டையை ஈரத்துணியால் அடைத்துவிட்டு ரப்பர் பம்பால் அழுத்தினேன். அடைக்காவிட்டால் காற்று அந்த வழியாகப் போய்விடும். குளக் குளக் என்று சத்தம் வந்ததே தவிர, தண்ணீர் இறங்கவில்லை.

2 நவம்பர், சனி

கீழே வாளியை வைத்துவிட்டு, சிங்க்குக்கு அடியில் தண்ணீர் தங்கி நிற்கும் கிண்ணமான பாட்டில் ட்ராப்பைக் கையாலேயே திருகிக் கழற்றினேன். நாற்றம் குடலைப் பிரட்டியது. அடியில் சாம்பல் நிறத்தில், ஊறிப்போன சோப்பு மாதிரி ஒரு கட்டி. விரலால் பிட்டால் கடுகு, சோற்றுப் பருக்கை, தேங்காய்த் துருவல், ஒரு கறிவேப்பிலை ஈர்க்கு. எங்கள் போர் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். அது எண்ணெயோடும் சோப்போடும் சேர்ந்தால் இப்படித்தான் இறுகும்.

கழுவி, வாஷரைச் சரியாக உட்காரவைத்து மாட்டினேன். அப்படியும் தேங்குகிறது. ட்ராப் நிறைந்த பிறகு டம்ளர் டம்ளராக ஊற்றிப் பார்த்தேன்: நாலு டம்ளர், அதாவது சுமார் 800 மில்லி போகிறது, ஐந்தாவது எதுக்களிக்கிறது. ஒன்றேகால் அங்குலக் குழாய் மீட்டருக்கு 800 மில்லி பிடிக்கும். அப்படியென்றால் அடைப்பு ஒரு மீட்டர் தள்ளி, வெளிச்சுவரில் கீழே திரும்பும் எல்போவில்.

பக்கத்து வீட்டு அக்கா சோடா உப்பும் வினிகரும் போடச் சொன்னார். நுரை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது வெறும் உப்புத் தண்ணீர்தான். அவரிடம் சரி என்று மட்டும் சொன்னேன்.

3 நவம்பர், ஞாயிறு

ஹார்டுவேர் கடையில் ஸ்பிரிங் கம்பி வாங்கினேன். சுவர்க் குழாயில் விட்டதும் நினைத்த இடத்தில் முட்டியது. குத்தக் கூடாது, குத்தினால் அடைப்பு இன்னும் இறுகும். கைப்பிடியை ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி மெல்ல இழுத்தேன். மூன்றாவது தடவை கம்பி நுனியில் மெழுகுவர்த்தித் துண்டு போல வெள்ளையாக ஒன்று வந்தது. முகர்ந்தேன். நெய். சூடாக ஊற்றியது குளிர்ந்த எல்போவில் போய் உறைந்திருக்கிறது.

அப்புறம் கை பொறுக்கும் சூட்டில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பி.வி.சி. குழாய் இளகிவிடும்.

10 நவம்பர், ஞாயிறு

ஒரு வாரமாகத் தேங்கவில்லை. வடிகட்டித் தட்டு போட்டாயிற்று. இன்று அப்பளம் பொரித்த வாணலியை அம்மா பழைய பேப்பரால் துடைத்துவிட்டுத்தான் சிங்க்கில் போட்டார். நான் எதுவும் சொல்லவில்லை. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கும் சத்தம் கூடம் வரை கேட்டது.