பெரிய நாடு யார்?

சிறு நாடுகளின் வெளியுறவுக் கொள்கையை இராமநாதபுரத்தில் பாடமாக நடத்தும்போது இலங்கையைத் தவிர்க்க முடியாது; ஆனால் வகுப்பில் பாதிப் பேருக்கு அது பாடமல்ல, வீட்டுச் செய்தி. அதனால் கடலில் நடக்கும் மீனவர் தகராறைத் தொடாமல், தென்னிலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலிருந்து தொடங்கினேன். அத்துறைமுகம் 2017இல் 99 ஆண்டுக் குத்தகையில் சீன நிறுவனத்திடம் சென்றதையும், இந்தியா கவலை தெரிவித்த பின்னரும் 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அங்கு வந்ததையும், அதே ஆண்டு நெருக்கடியில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்ததையும் விளக்கினேன். இந்தியா, சீனா இருவரில் எவரையும் மறுக்க இயலாத நாடு ஒருவருக்குக் கொஞ்சம் கொடுத்து, மற்றவருக்கான பதிலைத் தள்ளிப்போடும் என்றேன். யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டங்கள் சீன நிறுவனத்திடமிருந்து இந்திய நிதியுதவிக்கு மாறியதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், நெடுந்தீவுக்காரங்களுக்கு நாமதானே பெரிய நாடு? எங்க அப்பா நாட்டுப்படகு. விசைப்படகு மடி இழுத்துட்டுப் போனா எங்களுக்கே ஒண்ணும் மிஞ்சாது, அவங்களுக்கு என்ன மிஞ்சும்?"

இரண்டு பெஞ்சுக்குப் பின்னால் இருந்த மாணவனின் வீட்டு விசைப்படகு அப்போது இலங்கைக் காவலில் இருந்தது. "இதைப் பிறகு பேசுவோம்" என்று அடுத்த தலைப்புக்குப் போனேன்.

அது சரியான முடிவு என்றே பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடனில் வாங்கிய படகைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளையை வகுப்பு நடுவே வல்லரசின் பிரதிநிதியாக நிறுத்துவது கல்வியாகாது. ஆனால் அவள் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. போர்க்காலம் முழுவதும் கட்டுப்பாடுகளுக்குள் முடங்கி, 2009க்குப் பிறகே தடையின்றிக் கடலுக்குத் திரும்பிய இலங்கையின் வடக்கு மீனவர்களின் நெருக்குதலும் சேர்ந்துதான் 2017இல் அங்கே, கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடிக்குத் தடை வந்தது. புதுதில்லியிடம் நயந்து பேசும் கொழும்பு, கடலில் மட்டும் கடுமை காட்டுவதன் சுமையோ இந்தியா என்ற பெரிய நாட்டின் மீது அல்ல, தங்கச்சிமடத்துக் குடும்பங்கள் மீதே விழுகிறது. இவை இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்று அன்று சொல்லியிருக்கலாமா, சொன்னால் யார் காதில் எது விழுந்திருக்கும் என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் அனைத்துக்கும் 2024இல் ஓராண்டுத் தடை விதித்து, எவர் பெயரையும் சொல்லாமல் கொழும்பு நழுவியதை அடுத்த வாரம் நடத்தியபோது, அந்தத் தந்திரத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பாராட்டினேன் என்று நினைக்கிறேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. அந்த விசைப்படகு வீட்டு மாணவன்தான் கல்லூரியில் என் துறை அறைக்கு வந்து, அயல்நாட்டுப் படகுகள் பற்றிய இலங்கையின் 2018 சட்டத்திருத்தத்தில் படகை மீட்க வழி உண்டா என்று விசாரித்தான். அரை மணி நேரம் உட்கார்ந்து படித்தோம். 2017 தடையை அவன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.