விடையை முந்திச் சொல்லிவிடும் விளையாட்டுகள்

இயந்திரத்துக்குத் தன்னுணர்வு உண்டா என்ற கேள்வியைக் கையிலெடுக்கும் விடியோ விளையாட்டுகளில் பல, கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் விடையையும் சொல்லிவிடுகின்றன என்பது என் நெடுநாள் குறை. குவான்டிக் ட்ரீம் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்’ இதற்குத் தெளிவான சான்று. 2038ஆம் ஆண்டில் நடக்கும் அந்தக் கதையில் கானர், காரா, மார்கஸ் ஆகிய மூன்று ஆண்ட்ராய்டுகளையும் (மனித உருவ ரோபோக்கள்) விளையாடுபவரே இயக்குகிறார். அவர்கள் அஞ்சுவதையும் தயங்குவதையும் அருகிலிருந்து பார்த்துவிட்ட ஒருவருக்கு அவர்களுடைய உணர்வைப் பற்றி ஐயம் எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, கானர் பரிவு காட்டும் தருணங்களில் அவனுடைய மென்பொருளின் நிலைகுலைவு கூடிவிட்டதாகத் திரையில் ஓர் அறிவிப்பும் தோன்றி மறைகிறது. தத்துவ அறிஞர்கள் இன்றுவரை முடிவு காணாத ஒன்றை, ஏறி இறங்கும் மதிப்பெண்ணாக்கிவிட்டார்கள்.

அந்த விளையாட்டில் ஆண்ட்ராய்டுகள் பேருந்தின் பின்பகுதியில் தனியே நிற்க வேண்டும். அமெரிக்க நிறவெறியின் வரலாற்றிலிருந்து எடுத்த காட்சி என்பது எவருக்கும் விளங்கும். ஆனால், அந்த வரலாற்றில் ஒடுக்கப்பட்டவர்கள் வலியை உணர்ந்தார்களா என்பது ஒருபோதும் உண்மையான கேள்வியாக இருந்ததில்லை. ஆகவே அந்த உவமையை இயந்திரத்தின்மேல் போர்த்தியவுடன், ஆராய வேண்டிய கேள்வி அடிபட்டுப் போகிறது.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு காராவின் கதையைப் பார்க்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அவள் ஒரு வீட்டில் சமைத்து, துடைத்து, குழந்தையைக் கவனிக்கும் ஆண்ட்ராய்டு. நம் வீடுகளில் அதே வேலைகளைச் செய்யும் பணிப்பெண்கள் மனிதர்கள் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆயினும் அவர்களுக்கு வார ஓய்வு நாள் சட்டப்படி உறுதியானது 2013இல்தான். அப்போதும் அந்த நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்து ஈடுகட்ட வழியிருந்தது. மாதத்தில் ஒரு நாளையேனும் அப்படி ஈடுகட்டக் கூடாது என்ற விதி 2023இல்தான் நடப்புக்கு வந்தது. உணர்வு இருப்பது தெரிந்துவிட்டால் உரிமை தானாகப் பின்தொடர்ந்து வரும் என்று விளையாட்டுக் கதைகள் நம்புவதும், அதற்கு ஒரு புரட்சியோ பேரழிவோ போதும் என்று காட்டுவதும் இதனால்தான் எனக்கு மிக எளிமையாகப் படுகின்றன.

மனிதச் சாயல் இல்லாத மனத்தைக் கற்பனை செய்வதிலும் தயக்கம் தெரிகிறது. ‘மாஸ் எஃபெக்ட்’ தொடரில் வரும் கெத் என்ற இயந்திர இனம் அரிய படைப்பு: தனித்தனியே அறிவு குறைந்த நிரல்கள், ஒன்றோடொன்று இணையும்போதுதான் சிந்திக்கத் தொடங்குகின்றன. 2010இல் வந்த இரண்டாம் பாகத்தின் லீஜன் என்ற பாத்திரத்தின் ஒரே உடலுக்குள் 1,183 நிரல்கள் குடியிருக்கின்றன. மூன்றாம் பாகத்திலோ, அது தன்னை ‘நாங்கள்’ என்று சொல்வதை விட்டு ‘நான்’ என்று சொல்லும் கணமே உருக்கத்தின் உச்சமாக அமைக்கப்பட்டிருக்கிறது. நம்மைப் போல ஆனால்தான் மதிப்பு என்று அதற்குப் பொருள் கொள்ளலாமல்லவா?

இவை எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்தது, ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் 2015இல் வெளியிட்ட ‘சோமா’. கடலடி நிலையமொன்றில் நடக்கும் அதன் கதையில், இறந்துபோன ஊழியர் ஒருவருடைய மூளைப் பதிவை இயக்கி, அவரிடமிருந்து ஒரு ரகசியக் குறியீட்டைப் பெற வேண்டும். அவர் சந்தேகப்பட்டுக் கலங்கினால் நிறுத்திவிட்டு, பொய்ச் சூழலை மாற்றியமைத்து, மீண்டும் முதலிலிருந்து எழுப்ப வேண்டும். முந்தைய முயற்சி அவருக்கு நினைவிருக்காது, நமக்கு இருக்கும். தோற்றால் மறுபடி தொடங்குவது என்பது எல்லா விளையாட்டுகளிலும் நாம் யோசிக்காமல் செய்யும் காரியம். அதே காரியம் இங்கே ஒரு மனத்தின்மீது நடக்கும்போது கை தயங்குகிறது. பின்னர் நாயகன் சைமனின் மனம் புதிய உடலுக்குப் படியெடுக்கப்பட, பழைய சைமன் நாற்காலியிலேயே எஞ்சுகிறான். அவனை அணைத்துவிடலாம், அப்படியே விட்டும் போகலாம். எதைத் தேர்ந்தாலும் பரிசோ மதிப்பெண்ணோ இல்லை. நாவலிலோ திரைப்படத்திலோ இது இதே வலிமையுடன் அமையாது என்றே நினைக்கிறேன். அங்கே பொத்தான் நம் விரலுக்கடியில் இல்லையே.

இந்த வழியில் இன்னும் தொலைவு போகலாம். இந்த ஊரில் நாம் ரோபோக்களைச் சந்திப்பது வேலை செய்யும் இடத்தில்தான். 2020இல் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் பாதுகாப்பு இடைவெளியை நினைவூட்டியபடி நடந்த ஸ்பாட் என்ற நான்குகால் ரோபோவைப் பலருக்கு நினைவிருக்கும். அந்த அன்றாடத்திலிருந்தே ஒரு கதை தொடங்கட்டும். தோ பாயோ வட்டாரத்தின் வீவக அடுக்குமாடி வீடுகளில் முதியோரைக் கவனிக்கும் வாடகை ரோபோக்களின் நினைவை, ஒப்பந்தம் முடிந்ததும் அழித்துத் திரும்பப் பெறுவது விளையாடுபவரின் வேலை. ஒரு ரோபோ இன்னும் ஒரு வாரம் தவணை கேட்கிறது. பாட்டியைப் பிரிய மனமில்லாமல் கேட்கிறதா, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவைக்க நிறுவனம் அதற்குச் சொல்லிக்கொடுத்த விற்பனை உத்தியா என்பது கடைசிவரை தெரியாது. அழித்தால் ஓர் உயிரை அழித்திருக்கக்கூடும். விட்டுவைத்தால் வெறும் பொருளுக்காகப் பாட்டியின் சேமிப்பு கரைந்திருக்கக்கூடும். இரண்டு தவறுகளுக்கும் விலை இருக்க வேண்டும், விளையாட்டில் முன்பு பதிந்துவைத்த கட்டத்துக்குத் திரும்பவும் முடியக் கூடாது.

விடை தெரியாவிட்டால் விளையாடுபவர்கள் விளையாட்டின் கோப்புகளைக் குடைந்து பார்ப்பார்கள் என்பது உண்மைதான். அதனால் அந்த ரோபோவுக்கு உணர்வு உண்டா இல்லையா என்று குறித்துவைக்கும் ஒரு மாறிகூட (variable) அந்த விளையாட்டின் நிரலில் எழுதப்பட்டிருக்கக் கூடாது.