மிக்ஸியை உடைத்தேன், நானே சரிசெய்தேன்

போன ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு மசாலா அரைக்கிறேன் பேர்வழி என்று முழு விரலி மஞ்சளை இடிக்காமல் அப்படியே ஜாரில் போட்டு நேராக மூன்றாம் வேகத்தில் வைத்துவிட்டேன். கடகடவென்று சத்தம், ரப்பர் கருகும் வாடை. அப்புறம் மோட்டார் மட்டும் சுற்றுகிறது, பிளேடு அசையவே இல்லை. "உரல்ல ரெண்டு இடி இடிச்சுப் போட்டா கை தேஞ்சா போயிடும்?" என்றார் அம்மா.

ஜாரைத் தூக்கிப் பார்த்தால், மோட்டார் மேல் இருக்கும் கப்ளரின் பற்கள் மழுங்கிக் கிடந்தன. மோட்டாரின் சுழற்சியை பிளேடுக்குக் கடத்துவது அதுதான். பிளேடு சிக்கிக்கொண்டால் மோட்டார் புகையாமல் முதலில் இது தேய்ந்துபோகும், ஒருவகையில் நல்லதுதான்.

ரிப்பேர் கடைக்காரர் மோட்டாரையே மாற்றணும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய கப்ளரைக் கழற்றி எடுத்துப்போய்க் காட்டி 40 ரூபாய்க்குப் புதிது வாங்கி வந்தேன். கழற்றியதுதான் பெரிய பாடு. அரை மணி நேரம் இடப்பக்கமாகத் திருகித் திருகி உள்ளங்கை சிவந்த பிறகுதான் உறைத்தது, எங்கள் மிக்ஸியில் மரை தலைகீழ், வலப்பக்கம் திருகினால்தான் கழலும். சுற்றும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அடிமூடியைத் திறந்து தண்டின் கீழ்முனையை ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு திருகியதும் சட்டென்று வந்துவிட்டது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்தேன், பயப்படாதீர்கள்.

நேற்று சட்னி அரைத்தாயிற்று. ஒரு ஸ்க்ரூ மட்டும் மிச்சம் இருக்கிறது, எங்கே போடுவதென்று தெரியவில்லை.