மகிழடியிலிருந்து ஆரூர்வரை

திருவொற்றியூரில் வடிவுடையம்மனைத் தொழுதுவிட்டு மகிழமரத்தடிக்கு வந்ததும், அக்கா உதிர்ந்து கிடந்த பூக்களைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். பிரியமாட்டேன் என்று, தேவாரம் பாடிய சுந்தரர், இவ்வூரில் தாம் மணந்த சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது இந்த மகிழடியில்தான். சன்னதியில் செய்யும் சத்தியத்தை மீற முடியாதே என்று, அந்த நேரத்தில் மகிழமரத்தடியில் போயிருக்கும்படி இறைவனிடம் அவர் முன்கூட்டியே வேண்டிக்கொள்ள, இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார் என்கிறது பெரியபுராணம். மாசித் திருவிழாவில் இது மகிழடி சேவையாக இன்றும் நடக்கிறது. பின்னர் வேனில் வந்து, ஆரூரின் வசந்த விழாவும் அங்கே காத்திருந்த முதல் மனைவி பரவையாரும் நினைவில் எழ, ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதுமே சுந்தரர் இரு கண்களின் ஒளியையும் இழந்தார்.

அத்தான் வேறோர் ஊரிலும் அக்கா எங்கள் வீட்டிலுமாகப் பதினோரு ஆண்டுகள் ஓடிவிட்டதால், இந்தக் கதையை அவள் முன்னால் எடுக்க எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் கண்ணிழந்தவர் போன வழியிலேயே ஆரூர்வரை போய் வர வேண்டும் என்று கேட்டவளே அவள்தான்.

பழைய திருவெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டதால், ஊன்றீசுவரர் இப்போது பூண்டியில் இருக்கிறார். பார்வை கேட்டு நின்றவருக்கு இங்கே கிடைத்தது ஓர் ஊன்றுகோலும், "உளோம் போகீர்" (இருக்கிறோம், நீர் போம்) என்ற, ஏறக்குறைய அயலார் சொல்வது போன்ற பதிலும்தான். சினந்து அவர் வீசிய கோல் பட்டு ஒடிந்ததாகச் சொல்லப்படும் நந்தியின் கொம்பை, தீபாராதனை முடிந்த பிறகும் அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். பக்தியில் இவ்வளவு கோபத்துக்கு இடமுண்டு என்பது எனக்கும் அங்கேதான் உறைத்தது.

காஞ்சி ஏகம்பத்தில் அவருக்கு இடக்கண் கிடைத்தது. மறுநாள் திருவாரூர் சேர்ந்தோம். மற்றொரு கண்ணைத் தராவிட்டால் "வாழ்ந்து போதீரே" என்று, நீர் நன்றாயிரும் என வாழ்த்துவது போலவே இறைவனைக் கடிந்து பாடி, வலக்கண்ணை அவர் பெற்ற ஊர் இது. சங்கிலியாரை மணந்த செய்தி எட்டியிருந்ததால் பரவையார் அவரை ஏற்க மறுக்க, நள்ளிரவில் இருமுறை இந்த வீதிகளில் தியாகேசரே தூது நடந்தார். முதல்முறை அர்ச்சகர் வடிவில் சென்று வெறுங்கையோடு திரும்பினார் என்பதைச் சேக்கிழார் மறைக்கவில்லை.

மாலையில் கமலாலயக் கரைப் படியில் அமர்ந்து அக்கா முடிச்சை அவிழ்த்தாள். பூக்கள் பழுப்பேறிச் சுருங்கியிருந்தாலும் மணம் போகவில்லை.

"பரவைக்கு ரெண்டு தடவை தூது நடந்தவர், சங்கிலிக்காக ஒரு தடவை நடக்கலையே?" என்றாள்.

சுந்தரரை மணக்கவிருந்து, இறைவனே முதியவராக வந்து மணமேடையில் அடிமை ஓலை காட்டித் தடுத்ததால் திருமணம் நின்றுபோன புத்தூர்ப் பெண்ணின் நினைவு எனக்கு வந்தது; அவளைச் சடங்கவியார் மகள் என்று மட்டுமே அறிகிறோம். அவளைப் பற்றிச் சொல்லாமல், பரவையாரும் சங்கிலியாரும் முடிவில், முன்பு அம்மையின் சேடியராயிருந்த கமலினியாகவும் அநிந்திதையாகவும் கயிலை திரும்பி அம்மைக்குத் தொண்டு செய்ததைச் சொன்னேன்.

"அது கயிலையிலே. ஒற்றியூர்லே?"

சாயரட்சைக்கு மணி ஒலித்தது. பூக்களை மீண்டும் முடிந்துகொண்டு அவள் முன்னே நடந்தாள்.