மான் சீசனும் ஒரு தோட்டாத் தகராறும்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு வந்த புதிதில், நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மீட்டிங் போட்டேன். வந்தது நானும், எனக்குப் பின்னால் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒரு பையனும்தான். மேனேஜர் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு மான் சீசன் தொடங்குதே, உனக்கு யாருமே சொல்லலையா?" பொங்கலுக்கு முந்தின ராத்திரி கோயம்பேட்டில் நின்றுகொண்டு இங்கே ஏன் இவ்வளவு கூட்டம் என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

தாங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் மான் வேட்டை. லட்சக்கணக்கான பேர் கண்ணைக் கூசும் ஆரஞ்சுச் சட்டையில் காட்டுக்குள் போய்விடுவார்கள். மானுக்குத் தெரியாது, மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அந்த நிறம். 2016 முதல் பளிச்சென்ற பிங்க் நிறத்துக்கும் சட்டத்தில் இடமுண்டு. யாரும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கேன்டீனில் வந்த கேள்வி, "உன்னுடையது என்ன கேலிபர்?" கேலிபர் என்றால் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம்; எந்த அளவுத் தோட்டா என்று கேட்கிறார்கள். வேட்டைக்குப் போவாயா என்று யாரும் கேட்கவில்லை. அதெல்லாம் போவான் என்றே வைத்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த துப்பாக்கிகள் மூன்று. தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துச் சுட்டது, வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலரின் இரட்டைக் குழல், காவல் நிலையத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த த்ரீ நாட் த்ரீ. அதில் நான் சுட்டது முதலாவது மட்டும்.

எச்1பி விசாவில் இருந்தவரை தப்பித்துக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. அந்த விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் வேட்டை லைசென்ஸ் இருந்தால் அதிலேயே விலக்கு உண்டு என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்டுபிடித்துச் சொன்னார். விடுகிற ஆளாகத் தெரியவில்லை. கிரீன் கார்டு வந்ததும் அந்தச் சாக்கும் போயிற்று. 1973-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தாக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து அதையும் முடித்தேன்.

அப்புறம்தான் நிஜமான தலைவலி. எந்தத் தோட்டா?

பெரியவருக்கு தர்ட்டி ஆட் சிக்ஸ், அதாவது .30-06. அமெரிக்க ராணுவம் 1906-ல் ஏற்றுக்கொண்ட தோட்டா, பெயரில் இருக்கும் 06 அந்த வருஷம்தான். அவர் அப்பாவும் அதே, தாத்தாவும் அதே. அலுவலகத்தில் டெஸ்டிங் பார்க்கும் பெண்மணிக்கு .308. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான், 0.308 அங்குலம். .30-06-க்கு வெடிமருந்து அடைத்த பித்தளைக் கூடு நீளம், மருந்து கொஞ்சம் அதிகம், அவ்வளவே. அந்த 'அவ்வளவே'வைச் சொல்லிவிட்டு அந்த இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. 2007-ல் வந்த 6.5 கிரீட்மோர் என்று ஓர் இளைஞன் வாயைத் திறந்தாலே மொத்த மேஜையும் சிரிக்கும். மூலையில் ஒருவர், அடர்ந்த காட்டில் 1895-ல் வந்த .30-30-ஐ மிஞ்ச இன்னொன்று பிறக்கவில்லை என்று சூப் குடித்துக்கொண்டே சொல்வார். சட்டம் கேட்பதோ குறைந்தது .22 அங்குல சென்டர்ஃபயர் தோட்டா, அதாவது அடிப்பாகத்தின் நடுவில் தட்டினால் வெடிப்பது. அதற்கு மேல் எது எடுத்தாலும் சரி. இத்தனை சண்டையும் சட்டத்துக்கு வெளியே நடப்பது.

பெரியவர் தன் ரைஃபிளைக் கொடுத்து, சுட்டுப் பழகும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். கட்டையைத் தோளில் இறுக்கி வை, கன்னத்தை ஒட்டு, மூச்சைப் பாதி விட்டு விரலை மெதுவாக அழுத்து. எல்லாம் செய்தேன். வெடித்ததும் யாரோ கதவால் இடித்ததுபோல் தோள் அதிர்ந்தது. அதற்கடுத்து விரல் அசையும் முன்பே கண் மூடிக்கொண்டது. நூறு கஜத்தில் ஒட்டியிருந்த பேப்பர் தட்டு கீறலில்லாமல் இருந்தது. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறத்தாழ அந்தத் தட்டின் அளவுதான், எட்டு அங்குலம்.

தோட்டாவின் பலத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவர்கள் எவரும் இந்தக் கண் மூடுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் என் மனக்குறை. பயந்துகொண்டு சுடும் பெரிய குண்டு மானின் வயிற்றில் படும். அது ஓடி எங்கோ புதருக்குள் கிடந்து சாகும். பயமில்லாமல் சுடும் சின்னக் குண்டு நுரையீரலில் படும். என் உடம்புக்கு 7எம்எம்-08 எடுத்தேன். .308-ன் கூட்டையே கழுத்துப் பக்கம் சிறுத்துச் செய்தது. 140 கிரெயின் குண்டு, கிராமில் சுமார் ஒன்பது. உதை .30-06-ல் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும். இன்னும் மென்மையாக .243 இருக்கிறது, குண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் அதுவும் மானுக்குப் போதும். "கடையில் தேடி அலைவாய்" என்றார் பெரியவர். அலைந்தேன், அதுவும் உண்மைதான்.

அம்மாவிடம் சொன்னபோது, "மானா? சீதை ஒரு மானைக் கேட்டதுக்கே ராமாயணம் அத்தனை காண்டம் போச்சு, நீ வேற ஏன்டா?" என்றாள். அவளிடம் விஸ்கான்சினில் மான் பெருத்துப்போய்க் காருக்குக் குறுக்கே பாய்வதையெல்லாம் விளக்கினேன். விளக்கிக்கொண்டே மனசு கிண்டிக்குப் போய்விட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து சிறுவர் பூங்காவுக்குக் கூட்டிப்போன அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற புள்ளிமானுக்கு டிபன் பாக்ஸிலிருந்த வெள்ளரித் துண்டை நீட்டி, டீச்சரிடம் குட்டு வாங்கினேன். "கேக்கிறியா?" என்றாள் அம்மா. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், வேறு எதையோ.

சூரியன் உதிக்க அரை மணி முன்னால் சுட அனுமதி. இருட்டில் மரத்து மேடையில் உட்கார்ந்திருந்தேன். நேரம் வந்ததும் தூரத்தில் ஒன்று, இன்னொரு திசையில் இரண்டு என்று வெடிச் சத்தம். நான் இந்த நாட்டுக்காரனாகிவிட்டேன் என்று அதற்குச் சற்று முன்தான் பெருமையாக நினைத்திருந்தேன். சத்தம் கேட்டதும் மூக்கில் நல்லெண்ணெயும் சீயக்காயும் வந்து ஏறிக்கொண்டன. குளிரில் விரல் விறைத்தது.

ஒரு கொம்பு மான் வந்தது. அறுபது கஜம் இருக்கும். கண்ணைத் திறந்துகொண்டே சுட்டேன். ஐம்பது அடி ஓடி விழுந்தது. பெரியவர் வந்து காயத்தைப் பார்த்தார், நுரையீரலில் சரியாகப் பட்டிருந்தது. தலையைச் சொறிந்துவிட்டு, "தர்ட்டி ஆட் சிக்ஸாக இருந்தால் நின்ற இடத்திலேயே விழுந்திருக்கும்" என்றார்.

சுட்ட மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும், செய்தாயிற்று. 2002 முதல் இங்கே மான்களுக்கு மூளையைத் தாக்கும் ஒரு நோய் பரவியிருப்பதால் மாதிரி கொடுத்து, முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் கிடந்தது. அதற்குள் மனைவி எதையோ படித்துவிட்டாள். ஈயக் குண்டு உள்ளே சிதறும், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்திலிருந்து தள்ளியும் போய் ஒட்டும். காயத்தைச் சுற்றி தாராளமாக வெட்டி எறிந்த பிறகே மிளகு போட்டு வறுத்தாள். அம்மாவிடம் கறி என்று மட்டும் சொன்னோம்.

அடுத்த வருஷம் ஈயம் என் சட்டியில் ஏறாது என்று அவள் சொல்லிவிட்டதால் தாமிரக் குண்டு தேடிக்கொண்டிருக்கிறேன். குண்டு மாறினால் படுகிற இடமும் மாறும், குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். 7எம்எம்-08-ல் தாமிரம் கேட்டால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். .30-06-ல் வேண்டிய மட்டும் இருக்கிறதாம். பெரியவரிடம் இதை இன்னும் சொல்லவில்லை.