நிமிர்த்திய கம்பி

பழைய கட்டடத்தை இடித்ததும் முதலில் விலை பேசுவது கம்பிக்குத்தான். சைட் ஓரமாக இரண்டு பேர் உட்கார்ந்து, வளைந்த கம்பியைச் சம்மட்டியால் தட்டித் தட்டி நிமிர்த்துவார்கள். சைட் இன்ஜினியராக இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம். காசுக்காகத் தவிர வேறெதற்கும் யாரும் கம்பியை நிமிர்த்தி நான் பார்த்ததில்லை.

2015 அக்டோபரில் வேலையாக லண்டன் போனபோது, ராயல் அகாடமி கலைக்கூடத்தில் சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யின் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு கூடத்தின் தரை முழுக்கக் கம்பி. மேடும் பள்ளமுமாக அடுக்கி, நடுவே நிலம் பிளந்தது போல இடைவெளி விட்டிருந்தார்கள். 2008 மே 12 அன்று சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் வந்த நிலநடுக்கத்தில் விழுந்த பள்ளிகளின் கம்பிகள் அவை. முறுக்கிக் கிடந்த ஒவ்வொன்றையும் கையால் அடித்து நேராக்கியிருந்தார்கள். சுவரில் இறந்த பிள்ளைகளின் பெயர்கள், ஐயாயிரத்துக்கும் மேல். அரசு பெயர்ப்பட்டியல் தராததால், தன்னார்வலர்களை ஊர் ஊராக அனுப்பி அவர் சேர்த்தவை.

பக்கத்துக் கட்டடங்கள் நிற்கும்போது பள்ளிக்கூடம் மட்டும் ஏன் விழுந்தது என்று பெற்றோர் கேட்டார்கள். அதையே கேட்ட ஐ வெய்வெய்யை 2009இல் சிச்சுவானின் தலைநகர் செங்டுவில் போலீஸ் அடித்தது. மூளையில் ரத்தக்கசிவு, மியூனிக்கில் அறுவை சிகிச்சை. 2011இல் 81 நாள் காவல். பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்ததே 2015 ஜூலையில்தான்.

குனிந்து பார்த்தேன். அடிபட்ட கம்பியை என் கண்ணுக்குத் தெரியும். ஒரு கூட்டம் மறைத்துவிட நினைத்த தடயத்தை அவர் என் தொழிலின் பாஷையிலேயே எழுதி வைத்திருந்தார். அங்கே நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது நான் பார்த்த ஒரு பள்ளிக்கூட வேலை. பில்லரின் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங், 150 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று டிராயிங், சைட்டில் 250. "கான்கிரீட் போட்டுட்டா உள்ள இருக்கறது யாருக்கு சார் தெரியும்?" என்றார் காண்ட்ராக்டர். இரண்டு பில்லரைப் பிரித்துக் கட்டச் சொன்னேன். மூன்றாவதில் முந்தின நாளே கான்கிரீட் போட்டாகிவிட்டது. அதற்கும் பில்லில் கையெழுத்துப் போட்டேன்.

அன்று இரவு ரூமில் தூக்கம் வரவில்லை. ஊர் திரும்பிய வாரமே பள்ளி நிர்வாகத்துக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தேன். கோடை விடுமுறையில் அந்தப் பில்லரைக் கொத்தி, சுற்றிலும் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் உறை போட்டு ஜாக்கெட்டிங் செய்தார்கள். கான்கிரீட் போடும் முன் டேப்பை வைத்து ஒவ்வொரு ரிங்காக நானே அளந்தேன்.